ஜாலான் சேகரன்

மேலதிகாரியை எதிர்த்துப் பேசுவதில் பிச்சைமுத்துவுக்கு இணையான ஒரு சிப்பாய் மலேசிய ராணுவத்தில் முன்னும் இருந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. அவர் ஒருமுறை வாயைத் திறந்தபோது மூன்று கர்னல்கள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். சரி, இதில் கொஞ்சம் கூட்டல் இருக்கிறது. மூன்று கர்னல்கள் இல்லை, ஒரே ஒரு கேப்டன். அவரும் தொப்பியைக் கழற்றவில்லை. ஆனால் பிச்சைமுத்து வாயைத் திறந்தது உண்மை. அதற்காக அவர் பட்டதும் உண்மை. கூட்டியதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு மனிதனுக்குப் போதுமான கதை மிஞ்சுகிறது.

குருபோங்கில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில், மூலை வீடு அவருடையது. எழுபதைத் தாண்டிவிட்டார். இன்னமும் கடைக்கு ரொட்டி வாங்கப் போவதென்றாலும் சட்டைக்குக் கத்திமுனை மடிப்பு வேண்டும். ராணுவத்தை விட்ட பிறகு பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் காவல் மேற்பார்வையாளராக இருந்தார். பிறகு ஒரு வருடம் கோயில் கமிட்டித் தலைவர். ஒரே ஒரு வருடம்தான். கூட்டத்தில் யார் கடைசியாகச் சேர்ந்தாரோ அவர்தான் முதலில் பேச வேண்டும் என்று சட்டம் போட்டார். புதிதாகச் சேர்ந்திருந்த பஸ் டிரைவர், பூசாரியைப் பற்றியும் ஒலிபெருக்கியைப் பற்றியும் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். அடுத்த தேர்தலில் பிச்சைமுத்துவின் பெயரை முன்மொழியக்கூட ஆள் இல்லை.

“ஒரு வீட்ல எல்லாரும் சாம்பார் நல்லா இருக்குன்னு சொன்னா, இவருக்கு மட்டும் தொண்டையில முள்ளு மாதிரி இருக்கும்” என்பாள் அவர் மனைவி அன்னம்மா. “நல்லா இருந்தாலும் நல்லா இல்லன்னு சொல்லணும். இல்லாட்டி அன்னைக்குத் தூக்கம் வராது.”

இந்த நோய் எங்கே பிடித்தது என்று கேட்டால், ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் விடிவதற்கு முன் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். கணக்கெழுதும் கிராணி ஒன்று சொல்வார். வேலை வாங்கும் மண்டோர் “ஆமாங்கய்யா” என்பார். அதற்குப் பிறகு வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் அதே “ஆமாங்கய்யா”தான். ராத்திரி மழையில் மரம் நனைந்திருக்கிறது, இன்றைக்கு வெட்டினால் பால் வீணாகும் என்பது பிச்சைமுத்துவின் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவரும் ஆமாங்கய்யா போட்டார். பால் வீணானதும் திட்டு அவருக்கு விழுந்தது. பையன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த வரிசையிலிருந்து தப்பித்தால் போதும் என்று பத்தொன்பது வயதில் மலாக்காவுக்கு பஸ் ஏறி, ராணுவத்தில் ஆள் எடுக்கும் வரிசையில் போய் நின்றான். வரிசையை விட்டு வரிசைக்குப் போனதை அவன் அப்போது கவனிக்கவில்லை.

அன்றைக்கு அவனுக்கு முன்னால் நின்றவன்தான் சேகரன். அலோர் காஜா பக்கம். நெட்டையாக, ஒல்லியாக, சிரித்த முகமாக இருப்பான். இரண்டு பேரும் ஒரே பட்டாளத்தில், ஒரே கம்பெனியில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போய் விழுந்தார்கள்.

இப்போது ஐம்பது வருடத்தைத் தாண்டி வர வேண்டும்.

போன வருடம் மலாக்கா டவுனில் ஒரு கல்யாண விருந்து. ஒரே மேசையில் பிச்சைமுத்து, அன்னம்மா, சேகரன், அவர் மனைவி உஷாராணி. கூடவே அன்னம்மாவின் அண்ணன் மகன் திவாகர். அவனும் ராணுவம்தான், கார்ப்பரல், விடுப்பில் வந்திருந்தான். மாமா இருந்த அதே பட்டாளம் என்பதில் அவனுக்குப் பெருமை. சேகரனை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. மேசையில் இருக்கும் ஏதோ ஒரு அங்கிள் என்று நினைத்துக்கொண்டான்.

“மாமா, உங்க காலத்துக் கதை ஒன்னு இன்னமும் எங்க கேம்ப்ல ஓடுது லா” என்று ஆரம்பித்தான். “ஒருத்தன் கவனம் இல்லாம காலை வெச்சுட்டான்னு வைங்க, சார்ஜன் என்ன கத்துவாரு தெரியுமா? ‘ஜாலான் சேகரன் போகாத’ம்பாரு. சேகரன் போன பாதையில போகாதன்னு அர்த்தம். புதுசா வர்றவனுக்கெல்லாம் முதல் வாரத்துலயே இது பாடம்.”

பிச்சைமுத்து கையில் இருந்த முறுக்கை இலையில் வைத்தார்.

“யாருடா அது சேகரன்?”

“யாரோ பழைய ஸ்கவுட் மாமா. கம்யூனிஸ்ட் காலத்துல. எல்லாருக்கும் முன்னாடி போறவன் தூங்கி வழிஞ்சுக்கிட்டே போயிருக்கான். நேரா கண்ணிவெடி மேல காலை வெச்சுட்டானாம். பின்னாடி வந்தவங்க பொழச்சது பெரிய விஷயம்னு சொல்வாங்க.”

எதிரே இருந்த சேகரன் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் தூவினார்.

“தம்பி, என் பேர்ல ஒரு ஜாலான், ஒரு ரோடே இருக்குன்னு இத்தனை வருஷமா யாரும் சொல்லலையே. போர்டு எங்க வெச்சிருக்காங்க?”

திவாகர் அப்போதுதான் நாற்காலியின் முதுகில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலைப் பார்த்தான். அங்கிருந்து அவன் பார்வை மேசைக்கு அடியில் போய்த் திரும்பியது.

“அங்கிள்... நீங்களா?”

“நான்தான். ஜாலான் முனையில முதல் வீடு.”

மேசையில் எல்லாரும் சிரிக்க வேண்டிய இடம். சேகரன் மட்டும்தான் சிரித்தார். உஷாராணி பாயசக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, அன்னம்மாவின் காதருகே குனிந்தாள்.

“கால் போனப்ப அவர் அழுதாரு அக்கா. அது பரவால்ல. இப்ப சிரிக்கிறாரே, அதைத்தான் பாக்க முடியல.”

சேகரனுக்கு சர்க்கரை நோய். மிச்சம் இருக்கும் ஒரு காலைப் பற்றியும் டாக்டர் மாதாமாதம் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வீடு திரும்பும் வழியில், டிராபிக் லைட்டில் நிற்கும்போது பிச்சைமுத்து சொன்னார்: “அவன் இருக்கும்போதே அந்தப் போர்டைக் கழட்டணும்.”

“எந்தப் போர்டு?” என்றாள் அன்னம்மா.

“ஜாலான் போர்டு.”

“கழட்டுங்க. அதுக்கு முன்னாடி பச்சை விழுந்துடுச்சு, வண்டிய எடுங்க.”

சேகரன் போன பாதை எது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளின் நடுவில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய பேராக் காட்டில் அந்தப் பட்டாளம் இருந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் சிறு சிறு கூட்டமாக இருந்தார்கள். அவர்களைத் தேடி ரோந்து போவது, வருவது, மறுபடி போவது, இதுதான் வேலை. பிச்சைமுத்துவின் கம்பெனிக்கு ஒரு பெருமை உண்டு: எந்த ரோந்தும் நேரம் தவறித் திரும்பியதில்லை. நேரம் தவறாத கம்பெனிக்கு வருடா வருடம் ஒரு வெள்ளிக் கோப்பை. உணவுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அது மினுமினுத்துக்கொண்டிருக்கும். புதிதாக வந்த சிப்பாய்க்கு முதலில் காட்டுவது துப்பாக்கியை அல்ல, அந்தக் கோப்பையைத்தான்.

காட்டில் நேரத்துக்குத் திரும்புவதென்றால் ஒரே வழிதான். தெரிந்த பாதையில் போக வேண்டும், தெரிந்த பாதையில் வர வேண்டும். முன்பு மரம் ஏற்றிய லாரிகள் ஓடி, பிறகு கைவிடப்பட்ட செம்மண் பாதை ஒன்று இருந்தது. கம்பெனி அதிலேயே போனது, அதிலேயே வந்தது. காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களுக்குக் கோப்பை இல்லை, கால அட்டவணை இல்லை. நாள் முழுதும் உட்கார்ந்து இவர்களைப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. இவர்கள் எப்போது வருவார்கள் என்பது சில வாரங்களிலேயே அவர்களுக்கு மனப்பாடம்.

ஒருநாள் திரும்பி வரும்போது முன்னால் போன சேகரன் நின்றான். கையைத் தூக்கினான். கம்பெனித் தலைவர் கேப்டன் கதிரேசு அன்றைக்குக் கூடவே வந்திருந்தார். அவர் முன்னால் வந்தார். சேகரனுக்கு அடுத்து நின்ற பிச்சைமுத்துவுக்கு அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

“துவான், இந்தப் பாதை வேண்டாம். நம்ம போன வாரத்து பூட்ஸ் தடம் இதுவரைக்கும் இருக்கு. இதுக்கு மேல ஒரு தடமும் இல்ல. யாரோ கூட்டின வாசல் மாதிரி இருக்கு.”

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போ என்றார்.

சேகரன் போனான். வெடித்தது.

இதுவரை நடந்தது காட்டில் எந்தப் பட்டாளத்துக்கும் நடக்கக்கூடியது. இதற்குப் பிறகு நடந்தது மட்டும் அந்தக் கம்பெனியில்தான் நடக்கும். சேகரனை ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பிவிட்டு, முகாமுக்கு வந்து டீக் குவளையோடு எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு ரோந்து முடிந்ததும் என்ன நடந்தது என்று பேசுவதற்காக அப்படி உட்காருவது வழக்கம். யார் பெரிய ரேங்கோ அவர் முதலில் சொல்வார். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று பேச்சு கீழே இறங்கும். கேப்டன் சொன்னார்: ஸ்கவுட் கவனமில்லாமல் காலை வைத்துவிட்டான். லெப்டினன்ட் சொன்னார்: “சாமா, துவான்.” அதேதான் ஐயா என்று அர்த்தம். சார்ஜன் சொன்னார்: “சாமா, துவான்.” கார்ப்பரல்கள் சொன்னார்கள்: “சாமா, துவான்.” மலாய்க்காரன், சீனன், தமிழன் என்ற வித்தியாசம் இல்லாமல் சாமா துவான் இறங்கி இறங்கி வந்தது.

கடைசியில் உட்கார்ந்திருந்த பிச்சைமுத்துவுக்குத் திடீரென்று ஜாசின் தோட்டத்துப் பெரட்டுக் களம் கண்ணில் தெரிந்தது. அதே வரிசை. உடுப்புதான் பச்சை.

“தாக் சாமா, துவான்” என்றான். அது இல்லை, துவான்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் குவளையை வாயிலேயே வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்கள். அந்தக் கம்பெனி தோன்றிய நாளிலிருந்து அந்த இரண்டு சொல்லை அங்கே யாரும் சேர்த்துச் சொன்னதில்லை. கேப்டன் அவனை ஏறிட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை. “நண்பனுக்கு இப்படி ஆனதில் கலங்கிப் போயிருக்கிறான், படுக்க வையுங்கள்” என்று சார்ஜனிடம் சொன்னார். பிச்சைமுத்து படுக்க வைக்கப்பட்டான். அந்த மாதம் முடிவதற்குள் வேறு கம்பெனிக்கு மாற்றப்பட்டான். பழைய கம்பெனி அந்த வருடமும் கோப்பையை வாங்கியது. பாதையை மாற்றவில்லை. ஸ்கவுட்டுகளைத்தான் மாற்றியது.

புதுக் கம்பெனிக்குக் கோப்பை கிடையாது. உடுப்பு அழுக்கு, நேரம் தவறுவது வாடிக்கை. அங்கே உஜாங் என்று ஒரு சார்ஜன் இருந்தார், சரவாக் மாநிலத்து இபான் பழங்குடிக்காரர், கழுத்தெல்லாம் பச்சை குத்தியிருப்பார். முதல் ரோந்து முடிந்து உட்கார்ந்ததும் அவர் பிச்சைமுத்துவைக் காட்டினார். “நீதான் கடைசியாக வந்தவன். நீ முதலில் சொல்.” பட்ட அடி போதும் என்று நினைத்த பிச்சைமுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, “சாமா, சார்ஜன்” என்றான். யாரோடு சாமா என்று அவர் கேட்டார். இன்னும் ஒருவரும் வாயே திறக்கவில்லையே. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கம்பெனியில் சாமா சொன்னவன் அன்றைக்கு எல்லாருடைய சாப்பாட்டுத் தட்டையும் கழுவ வேண்டும் என்பது விதி. பிச்சைமுத்து ஓடையில் குந்தித் தட்டுகளைத் தேய்த்தான். தண்டனை வாங்கிச் சந்தோஷப்பட்டது அவன் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

உஜாங் எப்போதும் கடைசியில்தான் பேசுவார். தான் முதலில் பேசினால் மற்றவர்கள் பார்த்ததெல்லாம் மறந்துபோகும் என்பார். புதிதாக வந்த ஒரு பையன், ஓடையைக் கடக்கும் இடத்தில் கல் ஒன்று இடம் மாறியிருக்கிறது என்று சொன்னான். அவ்வளவு சின்ன விஷயத்தைக் கோப்பைக் கம்பெனியில் எவன் சொல்லியிருப்பான்? மறுநாளிலிருந்து அவர்கள் ஓடையை வேறு இடத்தில் கடந்தார்கள். காட்டுக்காரர்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டால் இவர்களும் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். பிச்சைமுத்து அங்கே இருந்தவரைக்கும் அந்தக் கம்பெனியில் யாருக்கும் கால் போகவில்லை. இது அதிர்ஷ்டம் என்று பழைய கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

கல்யாண விருந்துக்கு அடுத்த வாரமே பிச்சைமுத்து ஆயர் குரோவுக்கு வண்டியை விட்டார். மேஜராக ஓய்வு பெற்ற கதிரேசு அங்கேதான் இருக்கிறார். வாசலில் போகன்வில்லா, வரவேற்பறையில் பழைய படங்கள். பட்டாளத்து முன்னாள் வீரர்கள் சங்கத்தின் தலைவரும் அவர்தான். வயதானாலும் முதுகு வளையவில்லை. யாழ்ப்பாணத்துப் பெற்றோரிடம் கற்ற தமிழ் இன்னும் நாக்கில் இருந்தது.

“வாரும் பிச்சை, இரும். உம்மைப் பார்த்து எவ்வளவு காலம்.”

“நல்லா இருக்கீங்களா துவான்?” உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார். “சேகரன் பேரைச் சொல்லி கேம்ப்ல பாடம் நடத்துறாங்களாம். தப்பான பாடம். அதை நிறுத்தணும்.”

கதிரேசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அது விசாரிச்சு முடிஞ்ச விஷயம். ஸ்கவுட்டின்ர பிழை எண்டுதான் முடிவு வந்தது.”

“விசாரிச்சது யாரு துவான்? நீங்க சொன்னீங்க, மத்தவங்க சாமா சொன்னாங்க.”

“பிச்சை, நான் சொல்லுறதைக் கேளும்.” கதிரேசுவின் குரல் உயரவில்லை. “அந்தக் காட்டுக்குள்ளை பொடியள் எல்லாம் நிண்டு நியாயம் பேசினா, ஒருத்தரும் திரும்பி வந்திருக்க மாட்டம். நான் கூட்டிக்கொண்டு போனதிலை ஒரு உயிரும் போகேல்லை. ஒரு கால்தான் போச்சு. அதை நினைச்சுத்தான் நான் இவ்வளவு காலமும் நித்திரை கொள்ளுறன்.”

“காட்டுல நியாயம் பேசச் சொல்லல துவான். நீங்க போன்னா போறோம். அவனும் போனான். திரும்பி வந்து உக்காந்து டீ குடிக்கிறப்பவாவது கேட்டிருக்கலாம்.”

“நீர் அண்டைக்குத் தாக் சாமா எண்டு சொன்னது எனக்கு இப்பவும் காதிலை நிக்குது.”

“அது ஏன் துவான் காதுலயே நின்னுடுச்சு?”

கதிரேசு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். சங்கத்தின் வருடாந்திரக் கூட்டம் அடுத்த மாதம் ஆயர் குரோவில் நடக்கப்போகிறது என்றார். இந்த முறை இப்போதைய பட்டாளத்து ஆட்களும் வருகிறார்கள். அவர்கள் சபா மாநிலத்துக் கிழக்குக் கரைக் காவலுக்குப் போகப்போகிறவர்கள். பழைய அனுபவங்களை இளம் அதிகாரி ஒருவர் படம் போட்டு விளக்குவார். ஜாலான் சேகரனும் அதில் உண்டு.

“உமக்கும் ரெண்டு நிமிஷம் தாறன். ஆனா கடைசியிலை. ரேங்க் ஒழுங்கு ரேங்க் ஒழுங்குதான்.”

அந்தக் கூட்டங்களில் கடைசி என்றால் என்ன என்பது பிச்சைமுத்துவுக்குத் தெரியும். பிரிகேடியர் பேசி, கர்னல்கள் பேசி, மேஜர்கள் பேசி முடிப்பதற்குள் பிரியாணி வாசனை மண்டபத்துக்குள் வந்துவிடும். சாதாரண சிப்பாய் மைக்கைப் பிடிக்கும்போது கேட்பதற்கு மிஞ்சியிருப்பவர்கள் நாற்காலிகளும், காது கேட்காத ஒரு பழைய சமையல்காரரும்தான்.

கூட்டத்தன்று அவர் கோட்டைப் போட்டுக்கொண்டார், மெடல்களைக் குத்திக்கொண்டார். அன்னம்மா காலர் நூலைப் பிடுங்கிவிட்டு, “சண்டை போடப் போறீங்களா, சாப்பிடப் போறீங்களா?” என்று கேட்டாள். இரண்டும் என்றார். “அப்ப முதல்ல சண்டை. சாப்பிட்டுட்டுப் போட்டா உங்களுக்கு ஏப்பம் வரும்.”

சேகரன் வர மாட்டார் என்று நினைத்திருந்தார்கள். வந்தார். உஷாராணியைக் கூட்டிக்கொண்டு, வெளுத்துப்போன பட்டாளத்துத் தொப்பியோடு, கதவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். என் ரோட்டைத் திறந்து வைக்கிறார்களாமே, பார்க்க வேண்டாமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் மலாயில் சொல்லிச் சிரித்தார். உஷாராணி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

தேசிய கீதம் முடிந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். மைக்கைப் பிரிகேடியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை திவாகருக்கு. அவன் நடக்கத் தொடங்கினான். வழியில் பிச்சைமுத்து நின்றார்.

“மாமா, உங்க பேரு கடைசியில இருக்கு லா” என்றான் பல்லுக்குள்.

“தெரியும். அதான் இப்பவே வந்தேன்.”

“என் ஸ்டிரைப்பப் புடுங்கிடுவாங்க மாமா.”

“எனக்கு ரெண்டு தடவை புடுங்குனாங்க. உன் அத்தை ரெண்டு தடவையும் தச்சுக் குடுத்தா. கை நல்ல கை.”

திவாகர் கதவுப் பக்கம் பார்த்தான். சேகரன் ஊன்றுகோலின் மேல் தாடையை வைத்துக்கொண்டு, ஏதோ சினிமா தொடங்கப்போவதைப் போலக் காத்திருந்தார். திவாகர் மைக்கை மாமாவின் கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முன்வரிசையில் கதிரேசு எழுந்தார். “பிச்சை, உம்மடை முறை இன்னும் வரேல்லை.”

“ஐம்பது வருஷமா வரிசையில நிக்கிறேன் துவான். முன்னாடி நிக்கிறவங்க நகர மாட்டேங்கிறாங்க.”

பின்மேசைகளில் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் என்னவென்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். பிரிகேடியர் கையை லேசாக அசைத்தார், பேசட்டும் என்பதுபோல. அதற்குப் பிறகு பிச்சைமுத்து பேசியது மலாயில்.

உடனே கதையைத் தொடங்கவில்லை அவர். திவாகரின் தோளைப் பிடித்து மண்டபத்தின் பக்கம் திருப்பினார். “இங்கே இன்னமும் உடுப்பில் இருப்பவர்களில் இவன்தான் சின்ன ரேங்க். இவன் முதலில் சொல்லட்டும். ஜாலான் சேகரன் பாடத்தை நீ படித்திருக்கிறாய். சேகரன் செய்த தப்பு என்ன?”

“கவனமில்லாமல் காலை வைத்தார்.”

“எதைக் கவனிக்கவில்லை?”

திவாகர் யோசித்தான். “தெரியவில்லை.”

“அந்தப் பாதையில் ஏன் போனார்கள்?”

“தெரியவில்லை.”

“அதற்கு முந்தின வாரம் எந்தப் பாதையில் போனார்கள்?”

“அது பாடத்தில் இல்லை.”

“இல்லையா? அப்படியானால் நீ என்னதான் கற்றாய்?”

திவாகரின் காது சிவந்தது. “எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்” என்றான்.

பிச்சைமுத்து தலையாட்டினார். பையனைத் திட்டவில்லை. மைக்கை வாயருகே கொண்டுவந்தார். கோப்பையைச் சொன்னார், கடிகாரத்தைச் சொன்னார், கூட்டி வைத்த மண்ணைச் சொன்னார். சொல்லச் சொல்லச் சூடு ஏறியது. “சேகரன் தூங்கி வழிந்துகொண்டு நடக்கவில்லை. அந்தப் பாதையில் விழித்திருந்தவன் அவன் ஒருவன்தான். மூன்று தடவை நின்றான். மூன்று தடவை கையைத் தூக்கினான். துவான், இந்தப் பாதை வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னான். காட்டில் இருந்தவன் நம்மை ராப்பகலாகப் படித்தான். நாம் நம்மைப் படிக்கவே இல்லை. டீயைக் குடித்துவிட்டு ஒருவன் மேல் பழியைப் போட்டோம், அவன் பெயரைப் பாதைக்கு வைத்தோம், அதே பாதையில் மறுபடி நடந்தோம். சபாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதையா கட்டிக் கொடுத்து அனுப்பப் போகிறீர்கள்?”

படம் போட வேண்டிய இளம் அதிகாரி மடிக்கணினியின் மூடியை மெதுவாகக் கீழே இறக்கினார்.

கதிரேசு முன்வரிசையிலிருந்து நடந்து வந்தார். பிச்சைமுத்துவை நோக்கி வருகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரைத் தாண்டிக் கதவுப் பக்கம் போனார். சேகரனின் மேசைக்கு முன்னால் நின்றார். சேகரன் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, ஒற்றைக் காலில் முடிந்த அளவுக்கு விறைப்பாக நின்றார்.

“சேகரன்,” என்றார் கதிரேசு, “உம்மட்டை நான் ஒருநாளும் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். பிச்சை சொல்லுறது சரியோ?”

“இல்ல துவான்.”

பிச்சைமுத்துவின் கையில் இருந்த மைக் கீழே இறங்கியது. உஷாராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

“மூணு தடவை சொன்னேங்கிறான்” என்றார் சேகரன். “ஒரு தடவைதான் சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்ற வழக்கம் நம்ம கம்பெனியில கிடையாது.”